துருவைச் சுரண்டும் முன்...

தேவாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு பேரும் ஆறு மாதமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம், ஒரு ஜீப்.

சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். தோப்பு, வீடு, வயல் எல்லாம் முறையாகப் பாகம் பிரித்தாகிவிட்டது. அப்பா ஓட்டிய ஜீப்பை மட்டும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதை என்ன செய்வது என்பதில்தான் வில்லங்கம்.

அண்ணனுக்கு அதைப் புதுசாக்க வேண்டும். பாடியைத் தனியாகக் கழற்றி, சாண்ட் பிளாஸ்டிங் கொடுத்து, டிங்கர் வேலை பார்த்து, பட்டி போட்டு, மிலிட்டரிப் பச்சை அடித்து, கம்பெனியிலிருந்து வந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தம்பிக்கு ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது. "அப்பா ஓட்டுன வண்டிண்ணே. அவரு கை பட்ட எடமெல்லாம் தேஞ்சு கெடக்கு. அத பெயிண்ட் அடிச்சு மறைக்கணுமா?" என்கிறார். "நீ இப்படியே சொல்லிக்கிட்டு இரு. அடுத்த மழைக்குத் தரைத்தகடு கழண்டு விழும். அப்புறம் அப்பா கை பட்ட எடத்தக் காயலான் கடையில போயித் தேடு" என்கிறார் அண்ணன்.

இரண்டும் நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா? நீங்கள் எந்தக் கட்சி? ஜீப்பே இல்லாதவர்களும் பதில் சொல்லலாம். பாட்டி படுத்த கட்டில், தாத்தா கட்டிய வீடு, அம்மாவின் தையல் மெஷின் என்று எல்லோர் வீட்டிலும் ஒரு 'ஜீப்' நிற்கிறது.

சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஜீப் என்றால் போலீஸ் ஞாபகம் வரலாம். பழைய சினிமாவில் வில்லனின் அடியாட்கள் தொற்றிக்கொண்டு வருவது ஞாபகம் வரலாம். தேவாரம், போடி, கோம்பை, கம்பம் பக்கத்தில் ஜீப் என்றால் வேலை. ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி மலை. சுவருக்கு அந்தப் பக்கம் கேரளா. உடும்பன்சோலை, நெடுங்கண்டம், சாந்தம்பாறை, பூப்பாறை என்று ஏலத்தோட்டங்கள். தோட்டம் அந்தப் பக்கம், வேலை செய்கிற கை இந்தப் பக்கம். விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போய், களை வெட்டி, காய் எடுத்து, பொழுது சாய இறங்கி வருகிறவர்கள் இந்த ஊர்களில் ஏராளம். பெரும்பாலும் பெண்கள். தேவாரத்துக்கு நேர் மேலே சாக்கலூத்து மெட்டு இருக்கிறது. அந்த வழியாக ரோடு போட்டால் இவ்வளவு சுற்று வேண்டாம் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறைக்கு வயசாகிவிட்டது. அது தனிக் கதை.

போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதாவது தார் ரோடு, பரவாயில்லை. தோட்டத்துக்குள்ளே போகிற பாதையைப் பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளாவின் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் எலும்பு கழலக் குலுங்கித்தான் போக வேண்டும். பஸ்ஸும் காரும் கைவிட்ட இடத்தில் ஆரம்பிக்கிற வண்டி அது.

அதன் பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்டுச் செய்த வண்டி. வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. சண்டை முடிந்ததும் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு ஊர் ஜனங்களுக்கு விற்றார்கள். மாடல் பெயரில் 'சி.ஜே.' என்று வருகிறதே, அது 'சிவிலியன் ஜீப்'. 1947-ல் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் பாகங்களாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்யவும் தொடங்கியது. 'பழைய ஜீப்' என்றதும் நம் மனசில் வருகிற அந்த உயரமான பானட் வைத்த முகம், 1953-ல் வில்லிஸ் கொண்டுவந்த சி.ஜே.3பி மாடலுடையது. ஹரிகேன் என்கிற புது பெட்ரோல் எஞ்சின் பழையதைவிட உயரமாக இருந்தது. அதற்கு இடம் கொடுக்கப் பானட்டைத் தூக்கினார்கள். அழகெல்லாம் பார்த்துச் செய்ததில்லை. அமெரிக்காவில் 1968-ல் அந்த மாடல் முடிந்துபோனது. இங்கே அதே முகஜாடையோடு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் பிறந்துகொண்டிருந்தன.

தேவாரத்து ஜீப்பும் பெட்ரோல் வண்டியாக வந்ததுதான். பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் ஒரு நாள் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மலை வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தக் கதைதான். பிறகு பின்பக்கத்தை ஒரு முழம் நீட்டினார்கள். இரண்டு பக்கமும் நீள பெஞ்சு. மேலே மூட்டை கட்டக் கேரியர். ஒரு தடவை பாறையில் இடித்து இடது பக்க மட்கார்டு போனது. பட்டறையில் தகடு வெட்டி அடித்துப் போட்டார்கள். பட்டை ஒடிந்து ஒடிந்து மாற்றியதற்குக் கணக்கே இல்லை. கியர் பாக்ஸ் வேறொரு வண்டியிலிருந்து வந்தது.

இப்போது சொல்லுங்கள், அண்ணன் 'ஒரிஜினலாக்க வேண்டும்' என்கிறாரே, எந்த ஒரிஜினல்? கம்பெனி ஒரிஜினலில் மிச்சம் இருப்பது சேசிஸும் பானட்டும் கண்ணாடிச் சட்டமும்தான். மற்றதெல்லாம் வெளியிலிருந்து வாங்கிப் பூட்டப்போகிறார். அதாவது, இந்த ஜீப்பில் ஒருபோதும் இருந்திராத பாகங்களை மாட்டி, இதுதான் பழைய ஜீப் என்று சொல்லப்போகிறார்.

இது ரொம்பப் பழைய கேள்வி. தீசியஸ் என்கிற கிரேக்க வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் காப்பாற்றி வந்தார்களாம். பலகை மக்க மக்கப் புதுப் பலகை. எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா, வேறா என்று தத்துவக்காரர்கள் சண்டை போட்டதை புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 17-ம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு குசும்பைச் சேர்த்தார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருத்தன் பொறுக்கிச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால், எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸ் தேனிப் பக்கம் வந்து ஒரு காயலான் கடையைப் பார்த்திருந்தால் இன்னும் குழம்பியிருப்பார். அங்கே ஒரே ஜீப் நாலு ஜீப்பாகப் பிரிந்து போகும். நாலு ஜீப் சேர்ந்து ஒன்றாகவும் வெளியே வரும்.

நம் சட்டம் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. ஒரேயடியாகக் கோடு கிழித்துவிட்டது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான கார், பைக்குகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் 'வி.ஏ.' என்று இரண்டெழுத்து வரும். ஆனால் வண்டி ஆரம்பத்தில் இருந்த வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதற்கு முன்னால், 2019-ல், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. ரோட்டில் போகிறவன் பாதுகாப்புக்கு இது சரியான சட்டம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஒரு பணக்காரர் வாங்கி ஷெட்டில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்து வைத்த ஜீப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிடும். முப்பது நாற்பது வருஷம் மலையில் நாயாய் உழைத்த ஜீப் ஆக முடியாது. உழைத்ததாலேயே ஆக முடியாது!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் தேய்மானம் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய வண்டி என்று வையுங்கள். வருஷத்துக்கு 15 சதவீதம், மிச்சமிருக்கிற மதிப்பின் மேல் தேய்மானம். பத்து வருஷத்தில் புத்தகத்தில் 19,687 ரூபாய் நிற்கும். முப்பது வருஷத்தில் 763 ரூபாய். நூறு வருஷம் போட்டாலும் பூஜ்யத்தை மட்டும் தொடாது. அந்த 763 ரூபாய் வண்டிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டால் இன்றைக்குக் கல்யாண ஊர்வலத்துக்கும் ரிசார்ட் வாசலுக்கும் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு என்ன பெயர் கொடுப்பது? வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? 'பழசு' என்கிற கதைக்கு. அந்தக் கதையைத்தான் சாண்ட் பிளாஸ்டிங்கில் தேய்த்து எடுத்துவிட்டு விற்கிறோம்.

தம்பி கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் இடிக்கிறது.

'அப்படியே வைப்பது' என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நீங்கள் தொடாவிட்டாலும் துரு தொடும். நிறுத்தி வைத்த வண்டியிலும் டயர் இறுகும், ரப்பர் ஹோஸ் வெடிக்கும். தொடாமல் விடுவது என்றால், முடிவெடுக்கும் உரிமையை மழைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். வண்டி ஓடுவதாக இருந்தால் விஷயம் இன்னும் சீரியஸ். பழைய ஜீப்புகளில் நாலு சக்கரத்து பிரேக்குக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். ஒரு இடத்தில் எண்ணெய் கசிந்தால் நாலும் போச்சு. பாரத்தோடு இறக்கத்தில் வருகிற வண்டிக்கு 'அப்பா போட்ட பிரேக், மாற்ற மாட்டேன்' என்று சொல்வது பாசமில்லை. அந்த வண்டியில் ஏறுகிறவர் யாரோ ஒரு வீட்டின் அப்பா, யாரோ ஒரு வீட்டின் அம்மா.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த ஜீப்பின் பின்பக்கம், பம்பருக்கு மேலே, குறுக்காக ஒரு இரும்புக் கம்பி பற்றவைத்திருக்கிறது. கம்பெனி போட்டதில்லை. கரடுமுரடான வெல்டிங். கம்பி முழுக்க துரு. நடுவில் இரண்டு மூன்று இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. கை பிடித்த இடங்கள்.

உள்ளே இடமில்லாமல் பின்னால் நின்றபடி மலை ஏறியவர்கள் பிடித்த கம்பி அது. ஜீப்பை வரைந்த என்ஜினீயர் நாலைந்து பேரை மனசில் வைத்து வரைந்திருப்பார். மலையில் பதினைந்து பேர் ஏறுவது சகஜம். தோட்டத் தொழிலாளர்களோடு ஜீப் கவிழ்ந்த செய்தி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்காரர் யாரையாவது கேளுங்கள். செய்தி வந்ததும் சோதனை நடக்கும், அபராதம் விழும், கொஞ்ச நாள் ஆள் எண்ணிக்கை குறையும். பிறகு காய் எடுக்கிற சீசன் வந்துவிடும்.

அண்ணனைக் கேட்டால் முதல் வேலையாக அந்தக் கம்பியை அறுத்துவிடுவார். "பார்க்கவே அசிங்கமா இருக்கு சார், ஒரிஜினல்ல இது கெடையாது." தம்பி அதை வைத்துக்கொள்வார், அப்பா நின்று வெல்டிங் வைத்தது என்பதற்காக. இரண்டு பேர் பேச்சிலும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை. அப்பா நல்ல மனிதர்தான், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வாடகை தலைக்கணக்கு. தலை கூடினால் வருமானம் கூடும். தோப்பு வந்தது, வீடு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் கம்பியில் தொங்கியவர்களின் கூலியிலும் உயிர் பயத்திலும் ஒரு பங்கு இந்தக் குடும்பத்துக் கணக்கில் வரவாகியிருக்கிறது. அதற்கு இருக்கிற ஒரே ரசீது அந்தத் துருப்பிடித்த கம்பி.

இதைப் படித்துவிட்டு, 'செத்துப்போன மனிதரை எதற்குக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்' என்று கேட்பீர்கள். ஏற்றவில்லை. அவரும் அதே வண்டியில், அதே இறக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். ரசீதைக் கிழிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கோயில் விஷயத்தில் நமக்கு இது ஒரு தடவை நடந்திருக்கிறது. பழைய கோயில்களைச் சுத்தம் செய்கிறோம் என்று சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். அங்கேயும் இதே சாண்ட் பிளாஸ்டிங்தான். கல் பளிச்சென்று ஆனது, எழுத்து மழுங்கிப்போனது. பிறகு எதிர்ப்பு கிளம்பி, தடை வந்தது. மழுங்கியது என்ன எழுத்து? நம் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கணக்குதான். யார் எவ்வளவு நிலம் விட்டார், அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு யார் கொடுத்தார், நெய் யார் அளக்க வேண்டும் என்கிற வரவு செலவு. கோயிலைப் புதுப்பிக்கவே கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னதில்லை. செங்கல்லை எடுத்துவிட்டுக் கருங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 10-ம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தார்கள். இது பழைய கல்லின் படி என்று குறிப்பும் சேர்த்து வெட்டினார்கள். சுவர் புதுசு, கணக்கு பழசு, அது நகல் என்பதும் பதிவாகிவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு சுத்தமான புத்தி!

பி.காம். முதல் வருஷத்தில் எங்கள் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பேரேட்டில் தப்பாக ஒரு எண் விழுந்துவிட்டால் ரப்பரை எடுக்காதே. பிளேடால் சுரண்டாதே. பழையது அப்படியே இருக்கட்டும். திருத்தப் பதிவு என்று தனியாக ஒன்று போடு. என்ன தப்பு, எப்படிச் சரி செய்தோம் என்று பின்னால் வருகிறவனுக்கு இரண்டும் தெரிய வேண்டும். அழித்து எழுதியவன் நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும் ஆடிட்டர் பார்வையில் அது மோசடிதான்.

உலக அளவில் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. 2012-ல் இத்தாலியின் டூரின் நகரத்துப் பெயரில் அவர்கள் ஒரு சாசனம் எழுதினார்கள். வண்டியின் ஆயுளில் ஏறிய அடையாளங்களும் அதன் சரித்திரம்தான். மாற்றிய பாகத்தில் அழியாத குறி இருக்க வேண்டும். செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்கிறார்கள். பேரேட்டு விதிதான், வேறு பாஷையில்.

சினிமாவில் ஒரு சௌகரியம் உண்டு. 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தை 2012-ல் டிஜிட்டலில் சீர்படுத்தி ஓட்டினார்கள், நூறு நாளைத் தாண்டி ஓடியது. வேலை பிடிக்கவில்லை என்றால் மூலப் பிரதியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். ஜீப்புக்கு நெகட்டிவ் கிடையாது. சுரண்டினால் சுரண்டியதுதான்.

அதனால் என்னைக் கேட்டால், பிரேக், ஸ்டியரிங், டயர், பட்டை, விளக்கு இதையெல்லாம் இன்றைக்கே மாற்றுங்கள். ஒரிஜினல் பார்க்காதீர்கள், கிடைப்பதில் நல்லதைப் போடுங்கள். சேசிஸில் துரு இறங்கியிருந்தால் வெட்டி எடுத்துப் புதுசு வையுங்கள். வைத்த இடம் தெரியட்டும், பட்டி போட்டு மறைக்க வேண்டாம். மிச்சத் துருவை அடங்கும் அளவுக்குத் தேய்த்து எண்ணெய் விடுங்கள். பட்டறை மட்கார்டு அப்படியே இருக்கட்டும். அதை அடித்த கொல்லரின் கையெழுத்து அது. கம்பி அங்கேயே நிற்கட்டும், ஆனால் இனி ஒருத்தரும் அதில் தொங்கக் கூடாது. இரண்டு தரப்புக்கும் முழுத் திருப்தி வராது. அண்ணனுக்குக் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிற வண்டி கிடைக்காது. தம்பிக்கு அப்பா விட்டுப்போன அதே வண்டி கிடைக்காது.

நீங்கள் இப்படி ஒரு ஜீப்பை விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால், பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காமல் கழற்றிய சாமான் எங்கே என்று கேளுங்கள். டீசல் எஞ்சின் எப்போது ஏறியது, கியர் பாக்ஸ் எந்த வண்டியுடையது, யார் கையில் என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள். 'எல்லாம் ஒரிஜினல் சார்' என்று ஒரே வரியில் பதில் வந்தால், வேறு வண்டி பாருங்கள்.

விற்கிறவராக இருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். பாகம், தேதி, பட்டறை, செலவு எல்லாம் எழுத ஒரு மணி நேரம் ஆகாது. அதில் இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, தேவாரத்தில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருக்கிற பாட்டிமார்களிடம் போய்க் கேளுங்கள். அந்த ஜீப்பில் போனவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். யார் யார் வந்தார்கள், யார் உள்ளே உட்கார்ந்தது, யார் கம்பியைப் பிடித்து நின்றது, எந்த வளைவு வந்தால் இறங்கி நடந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். எழுதிக்கொள்ள இரண்டு பக்கம் போதாது.